ராஜாவுக்கு ஜோடி தேடாதீர்கள்

வாசகி கேள்வி:

டாக்டர், வணக்கம். ஆறு மாதத்துக்கு முன் என் பெரியப்பா காலமானார். 2003இல் அவர் வாங்கி வளர்த்த வெள்ளைக் கொண்டைக்கிளி இப்போது என்னிடம் இருக்கிறது. பெயர் ராஜா. தலையில் மஞ்சள் கொண்டை. கேட் திறக்கும் சத்தம் கேட்டால் அச்சு அசல் பெரியப்பா குரலில் "யாரது?" என்று கேட்பான். முதல் நாள் அதைக் கேட்டு உட்கார்ந்து அழுதேன். ஆனால் மூன்று மாதமாக நெஞ்சு இறகைப் பிடுங்கிக்கொள்கிறான். காலையும் மாலையும் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டில் பேச்சு வாங்குகிறேன். சோபாவுக்கு அடியில் புகுந்து செய்தித்தாளைக் கிழித்துக் குவிக்கிறான். வீடு முழுக்க வெள்ளைப் பொடி. இது அழிந்துகொண்டிருக்கிற இனம், இந்தோனேசியக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்கிறான் என் மகன். பெரியப்பாவின் நண்பர் ஒருவர், "ஒரு பெண் கிளி தருகிறேன், ஜோடி சேர்த்தால் கத்தலும் நிற்கும், இனமும் பெருகும்" என்கிறார். எது சரி? என் பெரியப்பா தவறு செய்துவிட்டாரா? காலில் வளையம் எதுவும் இல்லை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய ஆறு படங்களில் நான்காவதை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, கண் பளிச்சென்று தெரிகிற படம். கருமணியைச் சுற்றியுள்ள வளையம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. சிறிய மஞ்சள் கொண்டைக்கிளி என்ற இந்த இனத்தில் வளர்ந்த ஆணுக்கு அந்த வளையம் கிட்டத்தட்டக் கறுப்பு. கருமணி எங்கே முடிகிறது, வளையம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. செம்பழுப்பாகத் தெரிந்தால் பெண். ஒரு சொட்டு ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனாலும் என்னைக் கேட்டால், உங்கள் பெரியப்பா இருபது வருடத்துக்கு மேலாக 'ராஜா' என்று கூப்பிட்டது ஒரு ராணியை.

சிரிப்புக்காக இதை முதலில் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதில் பாதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஜோடி விஷயத்தை எடுத்துக்கொள்வோம். நண்பர் பெண் கிளி தந்தால் வீட்டில் இரண்டு பெண்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். விஷயம் தெரிந்து அவர் ஆணைக் கொண்டுவந்தால்தான் எனக்குப் பயம். கொண்டைக்கிளிகளில், அதிலும் இந்த வகையில், கூண்டுக்குள் ஆண் தன் ஜோடியையே கடித்துக் கொல்வது பறவை மருத்துவர்களுக்குப் பழகிப்போன சோகம். வெட்டவெளியில் என்றால் பெண் பறந்து தப்பிவிடும். கூண்டில் நாலு பக்கமும் கம்பி. ஒருமுறை ஒரு பெண் கிளியைத் துண்டில் சுற்றி என் மேஜையில் வைத்தார்கள். எட்டு வருடம் ஒரே கூண்டில் அந்த ஆணோடு இருந்தவள். மேல் அலகில் பாதியைக் காணோம், ஒரு பக்க இமை கிழிந்து தொங்கியது. "நேத்து ராத்திரிகூட ஒண்ணுக்கொண்ணு தலையைக் கோதிவிட்டுட்டு இருந்துச்சு டாக்டர்" என்று கொண்டுவந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆணுக்கு இனப்பெருக்க வேகம் வந்து, பெண் அதற்குத் தயாராக இல்லாவிட்டால் ஒரு விடியற்காலை போதும். உங்கள் ராஜாவோ விவரம் தெரிந்த நாளிலிருந்து மனிதர்களோடு மட்டுமே இருந்தவள். இன்னொரு கொண்டைக்கிளியைத் துணையாகப் பார்ப்பாளா என்பதே சந்தேகம். அந்த நண்பருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அடுத்து அந்த சோபா. இருட்டான மூலையில் புகுவது, காகிதத்தைக் கிழித்துக் குவிப்பது, எடுக்கப் போனால் சீறுவது. சீறலை நீங்கள் எழுதவில்லை, ஆனால் சீறுவாள் என்று பந்தயம் கட்டுவேன். இது விளையாட்டு இல்லை. பொந்து தேடுகிறாள். காட்டில் இவர்கள் முட்டையிடுவது பெரிய மரங்களின் பொந்தில்தான். உங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்தது சோபாவின் அடிப்பக்கம். பெரியப்பா இருந்தபோது அவளுக்கு ஒரு துணை இருந்தது, ஒரு ஒழுங்கு இருந்தது. இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன. இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், பாசமாகத் தடவுகிறார். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்: முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவிக் கொடுக்கிறீர்களா? தலையும் கழுத்தும் போதும். அதற்குக் கீழே தடவுவது பறவையின் கணக்கில் வேறு அழைப்பு. முட்டையிடத் தூண்டிவிடும். சோபாவின் அடிப்பக்கத்தை இன்றே பலகை வைத்து அடையுங்கள். அலமாரி, அட்டைப்பெட்டி, கட்டிலடி எதுவும் வேண்டாம். இரவில் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு, முழு அமைதி. டிவி ஓடுகிற அறையில் கூண்டுமேல் துணி போட்டால் அது தூக்கமாகாது. பகல் நீண்டால் உடம்பு அதைக் கூடு கட்டும் காலம் என்று எடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் மீறி முட்டையிட்டுவிட்டால் உடனே எடுத்து எறியாதீர்கள். காணாமல் போனதை ஈடுகட்ட இன்னும் இன்னும் இடுவாள், எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் அதற்கே போய்விடும். போலி முட்டையை மாற்றி வையுங்கள், சலித்துப்போய்த் தானே விட்டுவிடுவாள். கூண்டின் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் ஆட, முக்கிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள். முட்டை சிக்கியிருக்கிறது என்று பொருள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பறவை தங்காது.

இனி அந்த வெள்ளைப் பொடி. துடைத்துத் துடைத்து உங்களுக்கு அலுத்திருக்கும், எனக்கு அது நல்ல சேதி. கொண்டைக்கிளிக்கு உடம்பிலேயே பொடி இறகு என்று ஒரு வகை உண்டு. அதன் நுனி உதிர்ந்து மாவாகி, மற்ற இறகுகளுக்குப் பூச்சாகிறது. நலமாக உள்ள பறவையின் கறுப்பு அலகு மேல் இந்த மாவு படிந்து, சாம்பல் பூசினதுபோல் மங்கலாக இருக்கும். அலகு பாலிஷ் போட்டதுபோலப் பளபளவென்று மின்னினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். பொடி இறகு வேலை செய்யவில்லை என்பது அதன் அர்த்தம். அலகு-இறகு நோய் என்ற சர்க்கோ வைரஸ் தொற்றின் அடையாளங்களில் அது ஒன்று. அந்த நோய்க்கு மருந்தில்லை. உங்கள் படத்தில் அலகு மங்கலாகத்தான் இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன்: நெஞ்சும் தொடையும் மொட்டை, ஆனால் தலை இறகும் கொண்டையும் ஒரு குறையில்லாமல் இருக்கின்றன. தன் அலகு எட்டுகிற இடம் மட்டும் மொட்டையாகி, எட்டாத இடம் அழகாக இருந்தால், பிடுங்குவது அவளேதான். வைரஸ் என்றால் பெரும்பாலும் கொண்டை இறகும் கோணலாகவோ பாதியில் உடைந்தோ இருக்கும். இருந்தாலும் படத்தைப் பார்த்து யாருக்கும் நற்சான்று தர மாட்டேன். பறவை மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தத்தில் வைரஸ் சோதனை, கல்லீரல் சோதனை, ஈயம் துத்தநாகம் சோதனை மூன்றும் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது ஏன் என்றால், படத்தில் உள்ள கூண்டு பழைய துத்தநாகப் பூச்சுக் கம்பி. அலகால் சுரண்டிச் சுரண்டி அந்தப் பூச்சை விழுங்கியிருந்தால், அந்த நஞ்சே இறகைப் பிடுங்க வைக்கும்.

கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தோலைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாதவரை வேண்டாம். இது அரிப்புக்காரப் பறவை இல்லை, வேலையில்லாத பறவை. காட்டில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே போய்விடும். கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை வைத்தால் பத்தே நிமிஷத்தில் அன்றைய வேலை முடிந்தது. மீதி நேரத்துக்கு அவளிடம் இருப்பது தன் இறகு மட்டும்தான். காகிதத்தில் சுருட்டி, மென்மரத் துண்டில் துளையிட்டுச் செருகி, கயிற்றில் முடிச்சுப் போட்டு, தேடி உடைத்து எடுக்கிறமாதிரி இரையைக் கொடுங்கள். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பறவைகளுக்கான உருண்டைத் தீவனம், கீரை, காய்கறிக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் மாற்றினால் பிடிவாதத்தில் பட்டினி கிடப்பாள். சமையல் தராசில் தினமும் காலையில் எடை பாருங்கள். இந்த வகைக்கு 350 கிராமைச் சுற்றி இருக்கும், நமக்கு முக்கியம் அது சரிகிறதா என்பதுதான். அவகாடோ, சாக்லேட், காபி மூன்றும் அவளுக்கு விஷம். ஒட்டாத பூச்சுள்ள வாணலி காய்ந்து கிளப்பும் புகையும் அப்படியே, நிமிஷத்தில் கொன்றுவிடும்.

கத்தலைப் பற்றிக் கொஞ்சம் ஏமாற்றமான பதில்தான். விடியும்போதும் அடையும்போதும் கூட்டமாகக் கத்துவது இவர்களின் இயல்பு. யார் யார் இருக்கிறார்கள், யார் வரவில்லை என்று வருகைப்பதிவு எடுப்பதுபோல. அந்த இருபது நிமிஷத்தை நிறுத்த முடியாது, பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நடுப்பகல் கத்தல் வேறு. அவள் கத்த, நீங்கள் ஓடி வர, கத்தினால் ஆள் வரும் என்று நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். இனி அடுத்த அறையிலிருந்து ஒரே மாதிரி விசில் கொடுங்கள். அவள் விசிலோ பேச்சோ திருப்பித் தந்தால் மட்டும் போய் நில்லுங்கள். முதல் இரண்டு வாரம் கத்தல் கூடும், மனம் தளராதீர்கள்.

இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். பையன் சொன்னது உண்மை. சொல்லப்போனால் குறைத்தே சொல்லியிருக்கிறான்.

சுலாவெசி, சும்பா, சும்பாவா, புளோரெஸ், கொமோடோ, திமோர், ஜாவாக் கடலில் பொட்டுப்போலக் கிடக்கும் மசலெம்பு தீவுகள். இவையும் அருகிலுள்ள சில சிறு தீவுகளும்தான் இந்தச் சிறிய மஞ்சள் கொண்டைக்கிளியின் உலகம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'மிக அருகிய இனம்'. காட்டில் மீந்திருக்கும் வளர்ந்த பறவைகள் 1,200 முதல் 2,000 வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1856இல் ஆல்பிரட் ரஸல் வாலஸ் என்ற இயற்கையியலாளர் பாலியிலிருந்து ஒரு குறுகிய நீரிணையைக் கடந்து லொம்போக்கில் இறங்கியபோது, பாலியில் இல்லாத வெள்ளைக் கொண்டைக்கிளிகள் அங்கே இருப்பதைப் பார்த்து வியந்தார். ஆசியாவின் உயிரினங்களும் ஆஸ்திரேலியப் பக்கத்து உயிரினங்களும் அந்த நீரிணையில்தான் பிரிகின்றன என்று அவர் கோடு கிழித்ததற்கு அந்தக் கிளிகளும் ஒரு சாட்சி. இன்று லொம்போக்கில் கோடு இருக்கிறது, கிளி இல்லை.

எப்படிப் போயின? பொந்து போயிற்று, குஞ்சு போயிற்று. இவை தாமாகப் பொந்து குடைவதில்லை. கிளை முறிந்து, உள்ளே உளுத்து, பல பத்தாண்டுகள் கழித்து உண்டான பொந்து வேண்டும். அது வயதான பெருமரத்தில்தான் கிடைக்கும், வெட்டுகிறவர் கண்ணுக்கும் முதலில் படுவது அதே மரம்தான். சும்பாவில் மிச்சமிருக்கும் பொந்துகளுக்கு இருவாச்சியும் மற்றக் கிளிகளும் போட்டிக்கு நிற்கின்றன. கிடைத்த பொந்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வருவதால், மரமேறுகிறவனுக்கு முகவரி மனப்பாடம். இரண்டு மூன்று முட்டை, நாலு வாரம் அடைகாப்பு, அதற்குமேல் இரண்டு மாதத்துக்கும் அதிகமாகக் குஞ்சு பொந்துக்குள்ளேயே கிடக்கும். திருடனுக்கு அது நீண்ட அவகாசம். 1980களில் பதிவேட்டில் ஏறிய ஏற்றுமதியே பல பத்தாயிரம். மக்காச்சோளக் கொல்லையில் இறங்குவதால் உழவர்களுக்கும் இதன்மேல் அன்பில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பெரிய பறவைகள் நெடுங்காலம் வாழ்பவை. பொந்தெல்லாம் சூறையாடப்பட்ட பிறகும் பல வருடம் வானத்தில் கிளி தெரியும், "இருக்கத்தான் செய்கிறது" என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். அவை அத்தனையும் கிழடுகள்.

அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் 1981 முதல் இது இரண்டாம் பட்டியலில் இருந்தது, அதாவது அனுமதியோடு விற்கலாம். 2004இல் பாங்காக் மாநாட்டில் முதல் பட்டியலுக்கு ஏற்றினார்கள். 2005 தொடக்கத்திலிருந்து, காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதற்குத் தடை. ஆனால் 2015 மே மாதம் சுராபாயாத் துறைமுகத்தில் போலீசார் ஒரு பயணியின் சாமான்களைச் சோதித்தபோது, அறுத்த குடிநீர் பாட்டில்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட மஞ்சள் கொண்டைக்கிளிகள் இருந்தன. உடம்பு பாட்டிலுக்குள் இறுகிக் கிடக்க, தலை மட்டும் வெளியே. அந்தப் படங்கள் பரவியபின் இந்தோனேசிய அரசு, வீட்டில் வளர்ப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க இடங்கள் திறந்தது. பலர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பல வருடம் வளர்த்ததைக் கையில் ஏந்தி வந்து கொடுத்துவிட்டுப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு மட்டும் வந்த குழப்பமில்லை இது.

ஆனாலும் ராஜாவைக் காட்டில் விட முடியாது, மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கொமோடோவில் இவை பல நூறு இருக்கின்றன, அந்த இனத்தின் பெரிய கோட்டைகளில் ஒன்று அது. அங்கேயே கொமோடோ உடும்பின் குட்டிகள் மரமேறி வாழும், பொந்துக்குள் தலை நீட்டும். காட்டுப் பறவைக்கு அந்த ஆபத்து தெரியும். நம்மவளுக்குத் தெரிந்த ஆபத்து கேட் சத்தம் மட்டும்தான், அதற்கும் "யாரது?" என்று கேட்பாள். மனிதனைக் கண்டால் தோளில் வந்து உட்காருவாள், மனிதன் அவளைப் பாட்டிலில் திணிப்பான். அதைவிடப் பெரிய காரணம் வைரஸ். வெளியே ஒரு குறியும் காட்டாமல் சுமந்து திரியும் பறவைகள் உண்டு. ஒரு தீவில் சில நூறே மிஞ்சியிருக்கும்போது வீட்டுக்கிளி ஒன்றை விடுவது, கிணற்றில் எதையோ கொட்டிவிட்டு நல்லது நடக்கும் என்று நம்புவதுபோல.

பையன் கெட்டிக்காரன் என்றால் ஹாங்காங்கைக் காட்டுவான். அங்கே நகரப் பூங்காக்களில் இதே கிளிகள் 150 முதல் 200 வரை சுதந்திரமாகத் திரிகின்றன, எல்லாம் தப்பிய, விடுபட்ட வளர்ப்புப் பறவைகளின் வழித்தோன்றல்கள். 1941இல் ஜப்பானியப் படை வரும்முன் ஆளுநர் மாளிகைக் கூண்டைத் திறந்துவிட்டதாக ஒரு கதை உலவுகிறது, ஆதாரம் எதுவும் கிடையாது. உலகத்தில் மிஞ்சியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒரு அந்நிய மாநகரத்தில் வாழ்வது வேடிக்கைதான். ஆனால் பிழைத்தவற்றை மட்டும்தான் நாம் எண்ணுகிறோம். விட்ட மறுநாளே செத்ததை யாரும் எண்ணி வைக்கவில்லை.

"இனம் பெருகும்" என்ற நண்பரின் வாதத்துக்கும் ஒரு பதில் கடன் இருக்கிறது, ஏனென்றால் அது முழுப் பொய்யில்லை. கூண்டில் பிறந்த குஞ்சு ஒன்று விற்றால் காட்டுக் குஞ்சு ஒன்று தப்பும் என்பார்கள். கண்காணிப்பு இறுக்கமாக இருந்தால் ஓரளவு நியாயம். ஆனால் இந்த இனம் ஒரே மாதிரி இல்லை. சும்பாவில் உள்ளதன் கொண்டை ஆரஞ்சு நிறம், அதைத் தனி இனமாகவே கணக்கிடுகிறவர்கள் உண்டு. மசலெம்பு தீவுகளில் உள்ளது எல்லாவற்றிலும் பெரிய உருவம், மசகாம்பிங் என்ற குட்டித் தீவில் மட்டும் சில பத்தே மிஞ்சியிருக்கிறது. வீட்டுக் கூண்டில் எந்தத் தீவுக்காரி என்று தெரியாத ஒருத்தியையும் எங்கிருந்தோ வந்த ஒருவனையும் சேர்த்தால் பிறப்பது அழகான கிளி, ஆனால் எந்தத் தீவுக்கும் சொந்தமில்லாத கிளி. ஐரோப்பிய விலங்கியல் பூங்காக்கள் சும்பாக் கிளிக்கு வம்சாவளிப் பதிவேடு வைத்து, யாரை யாரோடு சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்கின்றன. பெருக்குவது என்றால் அதுதான். வீட்டில் நடப்பது விற்பனை, அதற்கு வேறு பெயர் வேண்டாம். கூடவே, "கூண்டில் பிறந்தது" என்ற சான்றுக்குப் பின்னால் காட்டுக் குஞ்சுகளை ஒளித்து விற்பது நெடுநாள் தந்திரம். ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறகில் பதியும் கரிம, நைட்ரஜன் ஐசோடோப்பு அளவுகளைப் பார்த்து, இது காட்டு இரை தின்று வளர்ந்ததா, கூண்டுத் தீனியா என்று பிரித்தறியும் வழி கண்டிருக்கிறார்கள். இறகைச் சோதித்து உண்மை அறிய வேண்டிய அளவுக்கு அந்தச் சந்தையின் காகிதங்கள் இருக்கின்றன என்பதுதான் இதில் எனக்குப் பட்டது.

பெரியப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு மெழுகிப் பேச விருப்பமில்லை. கூண்டில் பொரித்த குஞ்சுக்கு, பிறந்த சில நாட்களில், மூட்டு இல்லாத முழு வளையம் ஒன்றைக் காலில் போடுவார்கள். கால் பெருத்தபின் அது ஏறாது. ராஜாவின் காலில் அது இல்லை என்கிறீர்கள். வளையம் போடாமல் வளர்த்தவர்களும் உண்டு, அதனால் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு மரத்தில் ஒருவன் ஏறியிருக்கலாம், அந்தச் சாத்தியத்தை நான் மறைக்கவில்லை. 2003இல் கடையில் கூண்டைப் பார்த்த ஒருவருக்கு அந்த மரம் தெரிந்திருக்க வழியில்லை. வாங்கியபின் அவர் செய்ததைப் பார்க்கிறேன்: இருபது வருடத்துக்கு மேல் ஒரு கொண்டைக்கிளியை உயிரோடும் நிறைந்த இறகோடும் வைத்திருந்தார். வாங்கிய சிலர் இரண்டாம் வருடமே கத்தல் தாங்காமல் கைமாற்றிவிடுவார்கள். அவர் பிழை வாங்கியதில். வளர்த்ததில் இல்லை.

அவருடைய அலமாரியில் பழைய ரசீது, அனுமதிச் சீட்டு, கால்நடை மருத்துவச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் வனத்துறையிடம் இந்தப் பறவை உங்கள் பெயருக்கு மாறியதைப் பதிய வேண்டுமா என்று கேளுங்கள், தாமதிக்க வேண்டாம். யாருக்கும் விற்காதீர்கள். "யாரது?" என்று கேட்கும் வீடியோவை இணையத்தில் போடுவதையும் தவிர்க்கலாம். அதைப் பார்த்துச் சிரிக்கிற நூறு பேரில் இரண்டு பேர் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். மகனுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றிருந்தால், பிலிப்பைன்ஸின் பலாவான் பக்கத்தில் ராசா என்ற சிறு தீவைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே இதன் உறவுக்காரியான பிலிப்பைன் கொண்டைக்கிளி சில பத்தாகக் குறுகியிருந்தது. கட்டாலா அறக்கட்டளை முன்னாள் குஞ்சுத் திருடர்களையே சம்பளத்துக்குக் காவலர்களாக வைத்தது, எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? கூட்டைக் காக்கிற இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுக்கும் சிறு தொகை, உங்கள் வீட்டில் பொரிக்கப்போகும் பத்துக் குஞ்சுகளைவிட மேல்.

கடைசியாக ஒன்று. சிகாகோ அருகே ஒரு விலங்கியல் பூங்காவில் குக்கி என்ற கொண்டைக்கிளி, வேறு வகைதான், 83 வயது வாழ்ந்து 2016இல் இறந்தது. ராஜா அவ்வளவு இருப்பாளோ இல்லையோ, இன்னும் இருபது வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். உங்களுக்குப்பின் யார் என்று இப்போதே பேசி, எழுதி வையுங்கள். மகன் என்றால், எடை பார்ப்பதையும் விசில் கொடுப்பதையும் இன்றே அவனிடம் ஒப்படையுங்கள். பெரியப்பா யாரிடமும் சொல்லிவைக்காததும் அவள் இறகு பிடுங்குவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பெண் என்று தெரிந்ததும் பெயரை மாற்ற வேண்டுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வேண்டாம். அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கத்தான் அவளுக்குத் தெரியும். ரத்தச் சோதனை முடிவும், ஒரு மாத எடைக் கணக்கும் வந்ததும் எழுதுங்கள். புதுப் படம் எடுக்கும்போது நெஞ்சைக் கிட்டத்தில் எடுங்கள். வெள்ளை நிறத்தில் முள்முள்ளாகக் குருத்து இறகு தெரிகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.